குருதியும் கூர்தலும்

(விருதுநகரில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்கூட்டத்திற்கென அடித்த துண்டறிக்கையில் என் உரைக்குத் "தூய இனம்" என்று தலைப்பிட்டிருக்கின்றனர். அத்தலைப்பை யான் கொடுத்ததில்லை. சிவகாசியிலிருந்து அறிக்கைக் கட்டு வந்து இறங்கிய பின்னரே கண்டேன். நம் செயலாளர் ஆர்வத்தால் இட்ட தலைப்பு அது, அவரை நொந்துகொள்ளவில்லை. ஆயின், யான் பேச வந்தது அதற்கு நேர்மாறானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னர் யாரும் ஏமாந்தோம் என்று கூறவேண்டா.

சென்ற திங்கட் கூட்டத்தின் இறுதியில் ஓர் இளைஞர் எழுந்து ஒரு வினா விடுத்தார். "ஐயா, மொழியில் கலப்பு வேண்டா என்கிறீர்கள்; ஏற்கிறோம். அவ்வாறாயின் குருதியிலும் கலப்பு வேண்டாவன்றோ? நம் இராசபாளையத்து நாயையே பாருங்கள். கலவாமல் வளர்த்ததனால்தானே அதற்கு அத்துணைப் பெயர்? அவரவர் சாதிக்குள் மணப்பதும் அதுபோன்ற இனக்காப்புத்தானே?" என்றார். அவையில் கைதட்டல் எழுந்தது. அந்த வினாவைவிட அந்தக் கைதட்டலே என்னை உறுத்திற்று. அதைக் கேட்டுவிட்டு வாளா வீடு திரும்ப என்னால் இயலவில்லை.

யான் தமிழாசிரியன், உயிரியல் என் துறையன்று. ஆகவே இந்த ஒரு திங்களும் எம் பள்ளியின் உயிரியல் ஆசிரியரிடம் மாலைதோறும் மாணவனாய் அமர்ந்து பாடங் கேட்டேன். அவர் பொறுமை பெரிது. இங்கே யான் கூறுவதில் தெளிவு இருப்பின் அது அவருடையது. குழப்பம் இருப்பின் என்னுடையது.

முதலில் சொற்களைப் பற்றி இரண்டு சொல். பெற்றோரின் இயல்பு பிள்ளைக்கு வரும் வழியை ஆராயும் துறையை இற்றை நாளில் மரபியல் என்கிறோம். தொல்காப்பியத்தின் இறுதி இயலுக்கும் மரபியல் என்றே பெயர். அதுகொண்டு, தொல்காப்பியர் மரபணுவை அறிந்திருந்தார் என்று மேடையில் முழங்குவோர் உளர். அறிந்திலர், அறிந்திருக்கத் தேவையுமில்லை. அவ்வியல் கூறுவது சொல்வழக்கின் மரபு. நம் முன்னோர்க்கு இல்லாத அணிகலனைப் பூட்டினால், உள்ள அணிகலனும் ஐயத்திற்குரியதாகிவிடும். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாய் மாறி வரும் நெறிக்குக் கூர்தல் என்று நம்மவர் பெயரிட்டனர். அது நல்ல பெயர். கூர்ப்பு என்பதற்கு உள்ளது மிகுதல் என்னும் பொருளை உரியியலிலேயே காண்கிறோம். ஒரு கூட்டத்தில் முன்பே உள்ள மரபணுக்களுள் சில மிகுவதும் சில குறைவதுமே கூர்தல் என்று இன்றைய அறிவியலும் கூறுகின்றது. தனி ஒருவன் கூர்வதில்லை. கூட்டமே கூர்கின்றது. இதை நினைவிற் கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

எஞ்சிய பாதியை நம் ஊர்ச் சரக்கைக் கொண்டே விளக்குகிறேன். ஒரு கோணி நிறையத் தீக்குச்சிகள் உள்ளன என்று கொள்ளுங்கள். நூற்றுக்கு 99 குச்சிகள் தலை சிவந்தவை. ஒன்று மட்டும் தலை பச்சை. ஒவ்வொரு மாந்தனிடமும் இரண்டு குச்சிகள் உண்டு: தந்தை தந்தது ஒன்று, தாய் தந்தது ஒன்று. அவன் தன் பிள்ளைக்குத் தரும்போது இரண்டில் ஏதேனும் ஒன்றைத் தருவான். எதைத் தருவது என்பது அவன் கையில் இல்லை. சிவப்பு என்பது குறையற்ற மரபணு. பச்சை என்பது பழுதுற்றது. ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் உடையவனுக்கு நோயில்லை. சிவப்பு ஒன்றே அவனுக்குப் போதும். தன்னிடம் பச்சை இருப்பதையும் அவன் அறியான். இரண்டும் பச்சையாக அமைந்தால்தான் குறை வெளிப்படும்.

கோணியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு குச்சிகளை எடுத்தால் இரண்டும் பச்சையாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? நூற்றில் ஒன்றை நூற்றில் ஒன்றால் பெருக்குக. 10,000 பேரில் ஒருவர். ஒன்று மட்டும் பச்சையாக உடையோர் 198 பேர். மணம் எந்த வரையறையுமின்றிப் பரவலாய் நிகழும்வரை, கூட்டமும் பெரிதாய் இருக்கும்வரை, வேறு எதுவும் இடையிடாதவரை, இவ்விகிதம் தலைமுறைதோறும் மாறாது. இதனை 1908ஆம் ஆண்டில் ஆர்டி என்னும் ஆங்கிலேயக் கணக்கறிஞரும் வைன்பர்க்கு என்னும் செருமானிய மருத்துவரும் தனித்தனியே கண்டு கூறினர். மாறாத நிலையைக் கணித்துவிட்டால், மாறும்போது ஏன் மாறிற்று என்று வினவலாம் அன்றோ? அதுவே இத்துறையின் அடிப்படை.

மாறுவதற்கு வழிகள் பல. குச்சியைச் சட்டத்தில் அடுக்கி மருந்தில் முக்கும்போது எப்போதாவது ஒரு குச்சிக்கு நிறம் பிறழ்ந்துவிடுவதுபோல், மரபணு படியெடுக்கப்படும்போது எழுத்துப் பிழை நேரும். புதுத் திரிபு அவ்வாறே தோன்றும். இன்னொரு கோணியின் குச்சிகளை இதனுள் கொட்டினால் விகிதம் மாறும், அது கலப்பு. சில குச்சிகள் மழை ஈரத்தைத் தாங்கும், சில தாங்கா, தாங்கியவை எஞ்சும், அது இயற்கைத் தேர்வு. இம்மூன்றையும் நீங்கள் முன்பே கேட்டிருப்பீர்கள். நான்காவதுதான் நம் வினாவிற்கு நெருங்கியது.

அந்தக் கோணியில் கைவிட்டுப் பத்தே குச்சிகளை அள்ளுங்கள். அஃதாவது, ஐந்தே பேர் ஊரைவிட்டுப் பெயர்ந்து வேறிடத்தில் குடியேறித் தமக்குள்ளேயே மணந்துகொள்கின்றனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தில் பெரும்பாலும் பச்சை இராது. ஆனால், தற்செயலாக ஒன்று வந்துவிட்டதென்றால்? நூற்றில் ஒன்றாய் இருந்தது பத்தில் ஒன்றாகிவிட்டது. அவ்விகிதமே நிலைத்தால், வரும் தலைமுறைகளில் 10,000 பேரில் ஒருவர்க்கு வந்த நோய் 100 பேரில் ஒருவர்க்கு வரும். அந்த ஐவர் செய்த தீங்கு எதுவுமில்லை. தெய்வக் குற்றமும் அன்று. கூட்டம் சிறிதானமையும் கதவு மூடப்பட்டமையுமே காரணம். அக்குடி பின்னர்ப் பல்கிப் பத்து இலக்கம் பேராய்ப் பெருகினும், கதவு திறவாதவரை அந்தப் பத்தில் ஒன்று அவர்களைத் தொடரும். பஞ்சமும் கொள்ளைநோயும் ஊரைச் சிறுக்கச் செய்யும்போதும் இதுவே நிகழும்.

இனி நாய்க்கு வருவோம். இராசபாளையத்து நாய் நம் மாவட்டத்தின் பெருமை என்பதில் எனக்கு ஐயமில்லை. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை அதன் உருவை அஞ்சல்தலையில் பொறித்தது. பால்போன்ற வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் பொன்னிறக் கண்ணும் உடையதையே வேண்டி விரும்பி வளர்த்தனர். கருநிறத்திலும் பழுப்பிலும் புள்ளியுடனும் குட்டிகள் பிறந்ததுண்டு. வெண்மை கெடுகிறதென்று அவற்றைக் கழித்துவிடும் வழக்கம் இருந்தது. வெள்ளையை வெள்ளையோடும், கிடைக்காதபோது உடன்பிறந்ததோடும் சேர்த்து வந்தனர். விளைந்ததென்ன? வெண்ணிற நாய்கள் பலவற்றில் காணும் பிறவிச் செவிக்குறை இவ்வினத்திலும் புகுந்தது. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருந்தாகவேண்டும். அவை அங்கு இல்லையெனில் ஒலியை உணரும் நுண்ணிழைகள் குட்டி பிறந்த சில கிழமைகளிலேயே மாய்ந்துவிடுகின்றன. நிறத்தை விலக்கியபோது கேள்வியையும் சேர்த்து விலக்கிவிட்டனர். காவலுக்கென்று வளர்த்த நாய், கள்வன் காலடியைக் கேளாத நாயாய்ப் பிறக்கும் நிலை வந்தது. நல்ல வளர்ப்பாளர் இன்று தொலைவான வழியில் வந்த நாயைத் தேடி இணைப்பது இதனாலேதான். நம் இளைஞர் எடுத்துக்காட்டிய நாயே அவர்க்கு எதிராய்ச் சான்று கூறுகின்றது!

"அது விலங்கு, மாந்தர்க்கு ஒவ்வாது" என்பீராயின், மாந்தரைப் பற்றி அறிந்ததைக் கூறுகிறேன்.

2009ஆம் ஆண்டில் ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் நடுவத்தைச் சேர்ந்த தங்கராசு, இலால்சி சிங்கு ஆகியோர் அமெரிக்க அறிஞர் ரைக்கு என்பவருடன் இணைந்து இந்திய மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்டனர். 2013ஆம் ஆண்டில் அதன் தொடர்ச்சி வெளிவந்தது. அவர்கள் கண்டது இது. இத்துணைக்கண்டத்து மக்கட் பிரிவுகள் ஏறத்தாழ எல்லாமே கலந்தவை. இன்றைக்கு 4,200 ஆண்டுகட்கும் 1,900 ஆண்டுகட்கும் இடைப்பட்ட காலத்தில் பெருங்கலப்பு நிகழ்ந்திருக்கின்றது. வடக்கே ஒரு விகிதம், தெற்கே ஒரு விகிதம். ஆனால் கலவாதவர் என்று கைகாட்ட இந்நிலப்பரப்பில் ஆளில்லை. அதன் பின்னர்க் கலப்பு அருகி, அவரவர் தத்தம் பிரிவுக்குள்ளேயே மணக்கும் வழக்கம் இறுகியது. சாதி என்னும் மதில் மரபணுவில் எழுதப்பட்ட வரலாறு இது. மதில் பழையதுதான், ஆனால் மக்கள் அதனினும் மிகப் பழையவர்.

கலப்பின் அவ்வெல்லையை நம் சங்ககாலம் தொடுகின்றது. அகப்பாட்டுகளின் காதலர் உறவுமுறை பார்த்துக் காதலித்ததாகத் தெரியவில்லை என்று கூற எனக்கு ஆசைதான். எனினும், தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் ஒப்புப் பத்தனுள் முதல் இரண்டும் பிறப்பும் குடிமையுமே. அதை மறைத்துப் பேசுவது புலமையாகாது. நம் முன்னோரிடத்தும் இரண்டு மனமும் இருந்தன.

2017ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு என் உறக்கத்தைக் கெடுத்தது. தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட மக்கட் பிரிவுகளை ஆராய்ந்ததில், 81 பிரிவுகள் யான் மேலே கூறிய அந்தக் 'கைப்பிடிக் குச்சி' நிலையிலிருந்து பெருகியவை என்று கண்டனர். மேலை மருத்துவ நூல்களில் இதற்குப் பெயர்போனவர் பின்லாந்து மக்களும் ஐரோப்பிய யூதரும். அவர்களைவிட இந்த 81 பிரிவுகளின் நிலை கடுமை. இவற்றுள் 14 பிரிவுகள் பத்து இலக்கத்திற்கு மேற்பட்ட மக்களை உடையவை. ஆகவே "எங்கள் சாதி சிறிதன்று, கோடிக்கணக்கில் இருக்கிறோம்" என்பது விடையாகாது. இன்று எத்தனை பேர் என்பதன்று வினா; தொடக்கத்தில் எத்தனை பேர் என்பதே வினா.

எடுத்துக்காட்டு ஒன்று தருகிறேன். அறுவை மருத்துவத்தின்போது தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து கொடுப்பார்கள். சில மணித்துளிகளில் அதன் ஆற்றலை உடலே முறித்துவிடும். அதை முறிக்கும் நொதி சிலரிடம் பிறவியிலேயே இல்லை. அவர்கள் மூச்சுத் தசை நெடுநேரம் இயங்காது கிடக்கும். மருத்துவர் முன்னறியாவிடின் உயிர்க்கே ஊறு. இக்குறை ஆரிய வைசியப் பிரிவினரிடம் மற்றையோரைவிட ஏறத்தாழ 100 மடங்கு மிகுந்து காணப்படுகின்றது. அவர்கள் வணிகத்திலும் கல்வியிலும் சிறந்தவர்கள்; நம் ஊர்க் கடைத்தெருவிலும் நமக்கு நண்பர்கள். யாரையும் இழித்துக் கூறுவதற்காக இதைக் கூறவில்லை. கதவை மூடிய எக்குடியிலும் ஏதேனும் ஒரு பச்சைக் குச்சி இருக்கும். சிலவற்றைக் கண்டுவிட்டனர், பலவற்றை இன்னும் காணவில்லை. என் குடியில் இருப்பது எது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இடையில் மதுரையைப் பற்றி ஒரு சொல். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் அவர்கள் மதுரைக்கு மேற்கேயுள்ள சிற்றூர்களில் குருதி எடுத்து ஆராய்ந்தபோது, தந்தை வழியில் மட்டும் இறங்கும் ஒரு பழைய அடையாளத்தைச் சிலரிடம் கண்டார். ஆப்பிரிக்காவினின்று கிளம்பிக் கடலோரமாய் ஆத்திரேலியா வரை சென்ற மக்களின் சுவடு அது. ஆத்திரேலியப் பழங்குடியினரிடமும் அவ்வழியின் கிளைகள் உள்ளன. செய்தி பரவியதும் நம்மவர் "முதல் மாந்தன் எங்கள் ஊரான்" என்று எழுதத் தொடங்கினர். அந்த அடையாளம் கூறுவது தந்தையின் தந்தையின் தந்தை என்னும் ஒற்றைக் கோட்டை மட்டுமே. பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 முன்னோர்; அவர்களுள் ஒரே ஒருவரைப் பற்றித்தான் அது பேசுகின்றது. மற்ற 1,023 பேர் எங்கிருந்து வந்தனர் என்பதை அது கூறாது. இருபது தலைமுறை என்றால் பத்து இலக்கத்தைத் தாண்டும். முப்பது தலைமுறை என்றால் 107 கோடி! அற்றை நாளில் ஞாலம் முழுதுமே அத்தனை மக்கள் இல்லை. அஃதாவது ஒரே முன்னோரே பல வழியிலும் திரும்பத் திரும்ப வருகின்றனர்; உங்கள் முன்னோரும் என் முன்னோரும் பின்னிக் கிடக்கின்றனர்.

'இயற்கைத் தேர்வு தீயதைக் கழித்துவிடாதா?' என்று எம் ஆசிரிய நண்பரிடம் கேட்டேன். அவர் இரண்டு செய்திகளைக் கூறினார். இரண்டும் தமிழ்நாட்டைத் தொட்டவை. அதே மதுரைப் பல்கலைக்கழகத்தில் தண்டபாணி என்னும் ஆய்வாளரும் பிறரும் இதயத் தசையின் மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்ட திரிபைக் கண்டு 2009இல் வெளியிட்டனர். இத்துணைக்கண்டத்தில் 100 பேரில் ஏறத்தாழ நால்வரிடம் அஃது உள்ளது. சாதி, சமயம், மொழி எதையும் அது பார்க்கவில்லை. அது தோன்றி ஏறத்தாழ 33,000 ஆண்டுகள் ஆயின என்று கணித்துள்ளனர். அஃதாவது மதில்கள் எழும்புமுன்னரே பரவிவிட்டது. இதய நோய்க்கு வாய்ப்பைக் கூட்டும் இத்திரிபு ஏன் கழியவில்லை? அது தன் வேலையைப் பெரும்பாலும் நடுவயதிற்குப் பின்னரே காட்டுகின்றது. அதற்குள் பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிடுவார்கள். மகப்பேறு முடிந்தபின் வரும் துன்பத்தை இயற்கைத் தேர்வு பெரும்பாலும் காண்பதில்லை.

மற்றது நீலமலையைப் பற்றியது. 1952ஆம் ஆண்டில் இலேமன், கட்புசு என்னும் இருவர் நீலமலைப் பழங்குடியினரிடம் அரிவாள் வடிவக் குருதியணு இருப்பதைக் கண்டு உலகிற்கு அறிவித்தனர். அம்மரபணு இரட்டையாய் வந்தால் கொடிய நோய். ஒற்றையாய் இருந்தாலோ, முறைக்காய்ச்சலாகிய மலேரியா அத்துணைக் கடுமையாய்த் தாக்குவதில்லை. கொசு நிறைந்த காட்டடிவாரத்தில் அது கேடயம். கொசுவற்ற நகரத்தில் வெறுஞ்சுமை. எனவே நல்ல மரபணு, தீய மரபணு என்பதும் நிலத்தையும் காலத்தையும் பொறுத்தது. குறிஞ்சிக்கு ஏற்றது நெய்தலுக்கு ஏலாது என்று திணை வகுத்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று.

இவ்விடத்தில் ஆல்டேன் பெயரைக் கூறாமல் செல்ல இயலாது. இத்துறையை நிறுவிய மூவருள் ஒருவர் அவர். காய்ச்சலுக்கும் குருதிக்குறைக்கும் உள்ள இத்தகைய தொடர்பை 1949இலேயே முன்மொழிந்தவர். 1957இல் ஆங்கில நாட்டை விட்டு இந்தியாவிற்கே வந்து, குடியுரிமையும் பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். தம் மாணவர் திரோணம்ராசுவைக் கொண்டு ஆந்திரத்தில் மாமன் மகளை மணக்கும் வழக்கத்தை ஆராயச் செய்தார். தென்னாட்டு உறவுமணம் உலக அறிவியலின் கண்ணில் பட்ட வரலாறு அது.

'தூய இனம்' என்று கைதட்டியவர்கட்கு இன்னொன்றும் நினைவூட்டுகிறேன். இட்லரின் ஆட்சி 1933ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. பிறவியிலேயே காது கேளாதோர், பார்வையற்றோர், மனநோயர் முதலியோரைக் கட்டாயமாய் மலடாக்கிற்று. கொடுமை ஒருபுறமிருக்க, அது கணக்கும் அறியாத மடமை. கோணிக்குத் திரும்புங்கள். 10,000 பேரிடம் 20,000 குச்சிகள். அவற்றுள் பச்சை 200. நோய் வெளிப்பட்ட அந்த ஒருவரிடம் இருப்பவை இரண்டு. மற்ற 198 பச்சைகளும் நோயறியாத, நலமான, மார்தட்டி நடக்கும் 198 பேரிடம் உள்ளன. நோயுற்றவரை ஒழித்தால் இனம் தூய்மையாகும் என்பவன் தன் சட்டைப்பையைச் சோதித்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

இனி நம் வீட்டிற்குள் நுழைவோம். 2019–21இல் நாடு முழுதும் எடுத்த குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்டிரில் உறவுக்குள் மணந்தோர் இந்தியா முழுமைக்கும் 100க்கு 11; தமிழ்நாட்டில் 28. மாநிலங்களுள் முன்னிற்பது நாமே. கணக்கைப் போடுங்கள். அயலில் மணப்போர்க்குப் பிறக்கும் 10,000 பிள்ளைகளில் ஒருவர்க்கு வரும் அக்குறை, மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால் ஏறத்தாழ எழுவர்க்கு வரும். அக்காள் மகளை மணந்தால் 13 பேர்க்கு வரும். இது ஒரே ஒரு மரபணுவின் கணக்கு. உடலில் மரபணுக்கள் ஆயிரக்கணக்கானவை. இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் பாக்கித்தான் வழிவந்த மக்களிடம் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டபோது, பிறவிக்குறைக்கான வாய்ப்பு உறவுமணத்தில் இருமடங்காவதைக் கண்டனர். எனினும் மிகைப்படுத்த மாட்டேன். உறவில் மணந்தோரின் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் நலமாகவே உள்ளனர். இந்த அவையிலும் அத்தகையோர் பலர் அமர்ந்திருக்கின்றனர்.

"ஈராயிரம் ஆண்டாய்ச் செய்து வருகிறோமே, தீயவை எல்லாம் இதற்குள் அரித்துப் போயிருக்க வேண்டுமே" என்று கேட்கலாம். அறிவியலாரும் இவ்வினாவை எழுப்பினர். ஓரளவு கழியும் என்பது மெய். ஆனால் எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்து அது கழியும்? கழியக் கழியப் புதுத் திரிபுகளும் தோன்றிக்கொண்டே இருக்கும். "உறவுக்குள் வேண்டா, சாதிக்குள் தொலைவில் பார்த்து மணப்போம்" என்றால்? அது பாதி வழி. கைப்பிடியிலிருந்து பெருகிய குடியில் தொலைவு என்பது பெயரளவே. உறவுமுறை மறந்துபோயிருக்கும், மரபணு மறவாது.

மக்கள் ஏன் உறவுக்குள் மணக்கின்றனர் என்பதை யானும் அறிவேன். நிலம் பிரியாது, நகை பற்றிய பேரம் இராது, மாமியார் அத்தையாகவே இருந்துவிட்டால் பெண்ணுக்குக் கொடுமை குறையும் என்பது தாயின் நம்பிக்கை. கரிசற்காட்டில் ஒரு குழி நிலத்தைப் பிரிக்க மனமில்லாத மக்கள் வேறென்ன செய்வர்? அறியாமை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட முடியாது.

மொழியில் புகுந்த அயற்சொல்லை நாம் விலக்குகிறோம்; விலக்குதல் இயலும். நம் சொல் வேறு, வந்த சொல் வேறு என்று வேர்காட்டிப் பிரிக்கலாம். ஒரு சொல்லை விலக்கினால் எக்குழந்தைக்கும் காது கேளாமற் போவதில்லை. குருதியில் அவ்வாறு பிரிக்க நம்மிடம் வேர்ச்சொல் அகரமுதலி இல்லை. எல்லாமே வந்தவை, எல்லாமே நம்முடையவை. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் அவ்விளைஞர் வினாவின் பிழை.

காது கேளாமை என்று பலமுறை கூறினேன். அதற்குக் காரணம் உண்டு. என் தமக்கையாரை என் தாயின் தம்பிக்கே, அஃதாவது தாய்மாமனுக்கே கொடுத்தனர். முதற்பிள்ளை ஆண். கைக்குழந்தையாய் இருந்தபோது ஊர்த் திருவிழாவில் தெருமுனையில் சரவெடி வெடித்தது; மற்றக் குழந்தைகள் அலறின; இவன் அசையவே இல்லை. "பார்த்தீர்களா, வெடிக்கு அஞ்சாத பிள்ளை!" என்று மாமா தோளில் தூக்கிவைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினார். யானும் உடன் சிரித்துக்கொண்டு நடந்தேன். ஒன்றரை ஆண்டு கழித்தே உண்மை தெரிந்தது. இரண்டாமவனுக்குச் செவி நன்றாய் உள்ளது. மூன்றாவது பெண்ணுக்கு மீண்டும் அதே குறை. என் இளமையில் முறைப்பெண் மணத்தைத் தமிழ்ப் பண்பாடு என்று மேடையேறிப் புகழ்ந்திருக்கிறேன்; அவ்வுரைகளை என் தமக்கையார் முன்வரிசையில் அமர்ந்து கேட்டிருக்கிறார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் என் வீட்டிற்கு வந்தார். "தம்பி, முறைப்படி கேட்கிறேன். உன் மகளை என் இரண்டாவது மகனுக்குத் தருவாயா, மாட்டாயா?" என்றார். மாட்டேன் என்றேன். சொல்லத் தெரியாமல் சொன்னேன். கணக்கு அப்போது எனக்குத் தெரியாது. அன்று வாசற்படி இறங்கியவர் இன்றளவும் என்னுடன் பேசுவதில்லை.

இப்போது கணக்குத் தெரியும். பச்சைக் குச்சி என் தாயிடமும் அவர் தம்பியிடமும் இருந்திருக்கின்றது. என் தாயிடமிருந்து எனக்கு வந்திருக்க வாய்ப்புப் பாதி. என்னிடமிருந்து என் மகளுக்குச் சென்றிருக்க வாய்ப்புக் கால். செவி நன்றாயுள்ள என் மருமகனிடம் அஃது ஒளிந்திருக்க வாய்ப்பு மூன்றில் இரண்டு. இருவரிடமும் இருந்தால் பிள்ளைக்கு இரண்டும் சேர வாய்ப்புக் கால். என் மனைவியின் வழியில் இக்குறை இல்லை என்று கொண்டு பெருக்கினால் 24இல் ஒன்று. 24 பேரில் ஒருவர்க்குத்தானே என்பீர்கள். வெடிக்கு அசையாத பிள்ளையைத் தோளில் சுமந்து தெருவில் நடந்தவன் அவ்வாறு சொல்ல மாட்டான்.

இத்திங்கள் தொடக்கத்தில் அந்த மருமகனே தேடி வந்தான். "மாமா, அந்தக் கணக்கை எனக்கும் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்" என்றான். மேசைமேல் குச்சிகளைப் பரப்பிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அருப்புக்கோட்டையில் ஒரு பெண்ணைத் தான் விரும்புவதாகவும், அவர்கள் வேறு சாதியினர் என்றும் சொன்னான். என் தமக்கையார்க்கு இன்னும் தெரியாது. அவரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். இந்த ஞாயிறன்று போகிறேன். இவ்வுரை அச்சேறி அவர் கைக்குப் போகுமுன் யானே நேரில் சொல்லிவிட வேண்டும்.